ராத்திரி ஆனால் நெட் இழுக்கிறது, லைன் கோளாறா வைஃபை கோளாறா?

தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் கனெக்‌ஷன், பகலில் நன்றாக ஓடுகிறது, ராத்திரி 8 மணிக்கு மேல் விட்டு விட்டு இழுக்கிறது என்கிறீர்கள். சரி, முதலில் வைஃபையா லைனா என்று பிரித்துப் பாருங்கள்: லேப்டாப்பை லான் கேபிளில் மாட்டி, இழுக்கும் அந்த நேரத்திலேயே ரவுட்டருக்கும் (பெரும்பாலும் 192.168.1.1) 8.8.8.8-க்கும் (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்) பிங் ஓட விடுங்கள், அதாவது பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை.

கேபிளில் சீராக இருந்தால் பக்கத்து வீட்டு வைஃபை நெரிசலாக இருக்கலாம், வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். ரவுட்டருக்கே பிங் தடுமாறினால் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள், கடலோர உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும். 8.8.8.8-க்கு மட்டும் பிங் நேரம் எகிறினால், பிரவுசரில் திறக்கும் ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவரை (ஃபைபரில் வரும் ஒளியின் அளவு) பாருங்கள். மைனஸ் 27 டிபிஎம்முக்குக் (dBm) கீழே, அதாவது மைனஸ் 28, 29 என்று போயிருந்தால் ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கும், இல்லை கனெக்டரில் அழுக்கு. பவர் சரியாக இருந்தும் ராத்திரி மட்டும் இப்படியென்றால் கம்பெனி பக்கத்து நெரிசல்தான், நேரத்தோடு பிங் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி விடாமல் கேளுங்கள்.