ஆலிஸ் பேசும் நியாயம் சரியா, வெறும் குழந்தைப் பேச்சா?

'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதையில் அற்புத உலகத்துக்குப் போன சிறுமி ஆலிஸ், எதற்கெடுத்தாலும் காரணம் சொல்கிறாளே, அதெல்லாம் தர்க்கப்படி சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மொரிசியஸில் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்வேன். அவர்கள் இந்த ஊர்ப் பேச்சு மொழியான கிரியோலில் சண்டைக்கு வருவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

'என்னைக் குடி' என்று எழுதிய பாட்டிலை ஆலிஸ் எடுத்தவுடன் குடித்துவிடவில்லை. 'விஷம்' என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று முதலில் தேடுகிறாள். இல்லை. சரி, குடிக்கலாம்! விஷம் என்று எழுதியிருந்தால் ஆபத்து, உண்மைதான். எழுதாததால் ஆபத்தில்லை என்று எப்படி ஆகும்? எங்கள் பாட்டி துணி வெளுக்கும் ஸாவேலைப் பழைய சோடா பாட்டிலில்தான் ஊற்றி வைப்பார். மேலே எலுமிச்சம்பழப் படம் வேறு. ஏழு வயதில் நானும் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன். காப்பாற்றியது என் மூக்கு.

கதையை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு வாத்தியார். இந்த ஓட்டைகள் அவர் தெரிந்தே வைத்தவை.

எனக்குப் பிடித்த இடம் புறா. கழுத்து நீண்டுபோன ஆலிஸைப் பார்த்துப் 'பாம்பு!' என்று அலறுகிறது. முட்டை தின்றதுண்டா என்று கேட்கிறது. இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். பிள்ளை உண்மையைச் சொல்லிவிடுகிறது: தின்றிருக்கிறேன், சிறுமிகளும் முட்டை தின்பார்கள். அப்படியானால் சிறுமிகளும் ஒருவகைப் பாம்புதான் என்கிறது புறா. பாம்பு தின்பதைத் தின்பதெல்லாம் பாம்பு ஆகிவிடாது. ஆனால் ஆலிஸ் வாயடைத்துப் போகிறாள். ஒரு புது வாதத்தைக் கேட்டால் கோபத்தை மறந்து யோசிக்கிற பிள்ளை அவள். பெரியவர்களில் அப்படி எத்தனை பேர்?

அப்புறம் அழிந்துபோன நம் தீவுப் பறவை டோடோ. புத்தகம் வந்த அதே 1865இல்தான் இங்கே மார் ஓ சோஞ்ச் சதுப்பில் டோடோ எலும்புகள் கிடைத்தன. கதையில் டோடோ ஓட்டப் பந்தயம் நடத்தி, எல்லாரும் ஜெயித்தார்கள், எல்லாருக்கும் பரிசு என்கிறது. பரிசு ஆலிஸின் பையிலிருந்த மிட்டாய். அவளுக்குப் பரிசு? அதே பையிலிருந்த, தைக்கும்போது விரலில் மாட்டும் உறை. அதை வாங்கி அவளுக்கே கொடுக்கிறது.

போன வருடம் ஒரு பையன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே எழுந்தான்: "மிஸ், ஓடுவதற்கு முன்னால் மிட்டாய், உறை இரண்டும் இருந்தன. ஓடி முடித்தபின் உறை மட்டும். அப்போது தோற்றது அவள்தானே?"