பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்: வாசகர் கேள்வி, போதகர் பதில்

கேள்வி: பிள்ளைகளிடம் கத்திவிடுகிறேன். பிறகு அழுது மன்னிப்புக் கேட்கிறேன். இதற்காகவே வாரம் ஒரு நாள் உபவாசம் இருக்கிறேன். மறுநாளும் அதேதான். கோபம் வருவதே பாவமா? என் ஜெபத்தில் குறையா?
ஒரு தாய்

பதில்: சகோதரி, கோபம் வருவது பாவமல்ல. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று எபேசியர் 4:26 இரண்டையும் பிரித்தே சொல்கிறது. மாற்கு 3:5-ல் இயேசுவும் கோபத்துடனே சுற்றிலும் பார்த்தார். ஆனால் அதே வசனத்தில் அவர் விசனப்பட்டார் என்றும் இருக்கிறது. அந்தக் கோபம் சூம்பின கையைச் சுகமாக்குவதில் போய் முடிந்தது.

தம்பி ஆபேலைக் கொன்ற காயீனிடம் கர்த்தர் எப்போது பேசினார் என்று கவனியுங்கள் (ஆதியாகமம் 4). கொலை நடப்பதற்கு முன்பே, "உன் முகநாடி ஏன் வேறுபட்டது?" என்று கேட்டார். பாவம் வாசற்படியில் படுத்திருக்கும் என்று எச்சரித்ததும் அப்போதுதான். கோபம் வாய்க்கு வருமுன் உடம்புக்கு வந்துவிடுகிறது. பல் இறுகும், காது சூடாகும், குரல் ஒரு படி ஏறும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று தெரிய வேண்டும். 14 நாட்களுக்கு ஒரு சிறு நோட்டில் நான்கு விஷயங்களை எழுதிவையுங்கள்: என்ன நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பசியோ தூக்கக் குறைவோ இருந்ததா, அந்தக் கணம் மனதில் ஓடிய வாக்கியம் என்ன. கத்தல் நாள் முழுவதும் பரவியிருக்காது, ஒன்றிரண்டு நேரங்களில்தான் குவிந்திருக்கும். உபவாச நாளின் சாயங்காலமும் அதில் ஒன்றாக இருந்தால், சில வாரங்களுக்கு உணவை விட்டுவிட்டு வேறெதையாவது ஒறுத்துப் பாருங்கள். வெறும் வயிறு எரிச்சலைக் கூட்டும். அதற்காக உங்களை நீங்களே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

அடையாளம் தெரிந்த உடனே இடத்தை விட்டு நகருங்கள். "அம்மா 20 நிமிஷத்தில் வருகிறேன்" என்று நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் பிள்ளை அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளும். கைக்குழந்தை என்றால் முதலில் பத்திரமான இடத்தில் படுக்கவையுங்கள். அந்த 20 நிமிஷமும் "அவன் எப்படி அப்படிச் சொல்லலாம்" என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தால் நெருப்புக்கு விறகு போட்டதாகும். தலையணையைக் குத்துவதும் அப்படியே, கோபத்தைத் தணிக்காது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி, ஐந்து நிமிஷம் விடுங்கள். பிறகு தண்ணீர், பிறகு ஜெபம்.

மன்னிப்புக் கேட்கும்போது செய்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "நீ அப்படிச் செய்ததால்தான்" என்று ஒரு வார்த்தை சேர்ந்தாலும் மன்னிப்பு போய்விடும். பிள்ளையின் முன்னால் நெடுநேரம் அழ வேண்டாம், உங்களைத் தேற்றும் பாரம் அதன் தலையில் விழும்.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக" தணிய வேண்டியது உங்கள் எரிச்சல்தான். இரவு 11 மணிக்கு உட்கார்ந்து சண்டையைத் தீர்த்தாக வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. கணவரோடு பேச வேண்டியதை நாளை எத்தனை மணிக்குப் பேசலாம் என்று ஒப்புக்கொண்டு தூங்கப் போகலாம்.

கேள்வி: பல வருடங்களாக ஆபாசப் படங்களுக்கு அடிமை. எத்தனையோ கூட்டங்களில் முன்னே போய் அர்ப்பணித்தேன். இரண்டு வாரம் தாங்கும், பிறகு விழுவேன். எனக்கு மீட்பே இல்லையா?
பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உண்டு. ஆனால் நீங்கள் போராடும் இடம் தவறு.

யாக்கோபு 1:14-15 ஒரு வரிசையைத் தருகிறது: இழுக்கப்படுதல், சிக்குண்ணுதல், இச்சை கர்ப்பந்தரித்தல், பாவம் பிறத்தல். சிக்குண்டு என்பதற்கான கிரேக்கச் சொல் தூண்டில் இரையிலிருந்து வந்தது. பெரும்பாலோர் ஜெபிக்கத் தொடங்குவது கடைசிப் படியில், கை திரையைத் தொட்ட பிறகு. 2 சாமுவேல் 11-ல் தாவீது எருசலேமிலே தங்கினான், சாயங்காலத்தில் எழுந்து உப்பரிகையில், அதாவது மாடியில், உலாவினான், குளித்துக்கொண்டிருந்த பத்சேபாளைக் கண்டான், விசாரித்தான், ஆள் அனுப்பினான். விழுகை ஆள் அனுப்பியபோது தொடங்கவில்லை. உங்கள் உப்பரிகை எது? அநேகமாக இரவில் படுக்கையில் இருக்கும் கைபேசி.

ஆகவே இன்றைக்கே கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். காலையில் எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் போதும். தடுப்புச் செயலியின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியக்கூடாது, வேறொருவர் வைத்திருக்கட்டும். நீக்க வேண்டியது கடைசியில் போகும் தளத்தை மட்டுமல்ல. உங்களை அங்கே கொண்டுபோய் விடுகிற முதல் செயலியை நீக்குங்கள். அது பார்வைக்குக் குற்றமற்றதாகவே இருக்கும். அதனால்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறது.

உந்துதல் வரும்போது நின்று மல்லுக்கட்ட வேண்டாம். பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள் என்று சொன்ன வேதம், வேசித்தனத்துக்கு "விலகியோடுங்கள்" என்கிறது (1 கொரிந்தியர் 6:18). எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். இரண்டையும் குழப்பிக்கொண்டு, படுத்தபடியே இச்சையோடு வாதாடுகிறவர்கள் தோற்கிறார்கள். எழுந்து அறையை விட்டு வெளியே போங்கள், முகம் கழுவுங்கள், நடங்கள். தீனி போடாவிட்டால் உந்துதல் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது அன்று கூட இருந்தது என்றும் பாருங்கள். சில இரவுகளில் தேவைப்படுவது ஒரு நண்பனின் குரல் மட்டுமே.

நாலாம் நூற்றாண்டில் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பண ஆசை, துயரம், கோபம், ஆன்மச் சோர்வு, வீண்புகழ், பெருமை. ஒவ்வொன்றுக்கும் பதிலாகச் சொல்ல வேத வசனங்களையும் தொகுத்தார். வனாந்தரத்தில் இயேசு மூன்று சோதனைகளுக்கும் உபாகமத்திலிருந்து பதில் சொன்னாரே, அந்த வழிதான். உங்களிடம் பேசும் பொய் எது என்று கண்டுபிடித்து, அதற்கென ஒரே ஒரு வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள். "நீ ஏற்கெனவே கெட்டுப்போனவன்" என்பது அந்தப் பொய் என்றால், கிறிஸ்துவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்கிற ரோமர் 8:1. வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து அறிக்கை. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறது யாக்கோபு 5:16. மேடை முன் கூட்டத்தோடு அழுவது இதற்கு ஈடாகாது. முதிர்ச்சியுள்ள ஒரே ஒரு சகோதரர், வாரத்தில் குறித்த நாள், 20 நிமிஷம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-ல் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில், கடந்த சந்திப்புக்குப் பின் தெரிந்தே செய்த பாவங்கள் எவை என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு. "கொஞ்சம் பலவீனம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மழுப்பினால் பயனில்லை. பார்த்ததை வர்ணிக்கவும் வேண்டாம். எத்தனை முறை, எந்த வாசல் வழியாக என்பது போதும். விழுந்தபின் சொல்வதைவிட உந்துதல் வரும்போதே அழைப்பது பத்து மடங்கு உதவும். திருமணமானவர் என்றால் மனைவியைக் காவலாளி ஆக்காதீர்கள், அது அவருக்குக் கொடுமை.

விழுந்தாலோ, அடுத்த 24 மணி நேரம் மிக முக்கியம். "எப்படியும் கெட்டுவிட்டேன்" என்ற அவமானமே மறுபடி இழுத்துக்கொண்டு போகும். தகுதி வரட்டும் என்று மூன்று நாள் காத்திராமல் அன்றிரவே 1 யோவான் 1:9-ன்படி அறிக்கையிடுங்கள், மறுநாளுக்குள் அந்தச் சகோதரரிடம் சொல்லுங்கள், திறந்திருந்த வாசலை அடைத்துவிடுங்கள். காலியான நேரத்தை நிரப்பவும் வேண்டும். இயேசு சொன்ன உவமையில், வெளியேறிய அசுத்த ஆவி பெருக்கி ஜோடிக்கப்பட்டு வெறுமையாய் இருந்த வீட்டுக்குத்தான் வேறு ஏழு ஆவிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது (மத்தேயு 12). இவ்வளவும் செய்து சில மாதங்களாகியும் பிடி இறுகினால், போதை மீட்பில் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் போங்கள்.

கேள்வி: பாடகர் குழுவில் என்னைவிடப் பின்னால் வந்தவருக்கே எல்லா வாய்ப்பும். பொறாமையால் ஆராதனையே கசக்கிறது.

பதில்: சங்கீதம் 73-ஐ எடுத்து 28 வசனங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். அதைப் பாடிய ஆசாப்பும் பாடகன்தான். பாதி சங்கீதம் வரை குமுறுகிறான், அதைத் தேவனிடத்தில் மறைக்கவில்லை. 17-ம் வசனத்தில், பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனபின் பார்வை மாறுகிறது. நீங்களும் குமுறலை அங்கேயே கொட்டுங்கள், மற்ற பாடகர்களிடம் அல்ல. அந்த நபருக்காகத் தினமும் பெயர் சொல்லி, அவர் நன்றாகப் பாட வேண்டும் என்றே ஜெபியுங்கள். முதல் வாரம் வார்த்தை தொண்டையில் நிற்கும். பரவாயில்லை. வாய்ப்புப் பங்கீட்டில் உண்மையான அநியாயம் இருந்தால் அதைக் குழுத் தலைவரிடம் நேரில், ஒரு முறை, சாந்தமாகச் சொல்லலாம்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவா?

பதில்: இல்லை. சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூக்கம், அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி உணவு (1 இராஜாக்கள் 19). மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சாகும் எண்ணம் வந்தால் அன்றே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

கேள்வி: நான் இளம் போதகர். சபையில் ஒருவர் தினமும் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறார். இப்போது அழுது மனந்திரும்பியதாகச் சொல்கிறார். இருவரையும் உட்காரவைத்து ஒப்புரவாக்கலாமா?

பதில்: ஒன்றாக உட்காரவைக்காதீர்கள். அவர் முன்னால் அந்தச் சகோதரியால் உண்மை பேச முடியாது. பேசினால் வீட்டில் அடி விழும். சகோதரியிடம் தனியாக, இன்னொரு பெண்ணை உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவரும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி. மன்னிப்பதும் அதே வீட்டுக்குத் திரும்புவதும் ஒன்றல்ல என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். போதகர் சொன்னால்தான் பலருக்கு அந்தக் குற்ற உணர்வு போகும்.

குடியை இன்றே விடும்படி கணவரிடம் சத்தியம் வாங்காதீர்கள். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, முதல் இரண்டு நாட்களில் வலிப்பு, இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரை மனப்பிதற்றல் (நினைவு குழம்பி, இல்லாததைக் கண்டு பிதற்றுவது) வரக்கூடும். உயிரே போகலாம். முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், நிறுத்துவது மருத்துவக் கண்காணிப்பில் நடக்கட்டும்.

குடி நின்றால் அடியும் நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். குடித்தும் கை ஓங்காதவர்கள் உண்டு. 1 தீமோத்தேயு 3:3 மதுபானப்பிரியனையும் அடிக்கிறவனையும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. சபையில் அவருக்குப் பொறுப்பு இருந்தால் விலக்கிவையுங்கள். கண்ணீரை அளவாகக் கொள்ளாதீர்கள். மனைவியைக் குறை சொல்லாமல் தன் செயலைப் பெயர் சொல்கிறாரா, சிகிச்சைக்குப் போகிறாரா, மனைவி கேட்கும் இடைவெளியை முறுமுறுப்பில்லாமல் ஏற்கிறாரா என்று மாதக்கணக்கில் பாருங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இப்படிப்பட்டவர்கள் "ஐயா, யாரிடமும் சொல்லக்கூடாது" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அப்போதே நிறுத்தி, "உயிருக்கு ஆபத்து என்றாலோ பிள்ளைக்குத் தீங்கு என்றாலோ உரியவர்களிடம் சொல்லாமல் இருக்க மாட்டேன், மற்றவை என்னோடு இருக்கும்" என்று சொல்லுங்கள். கேட்டு முடித்த பிறகு சொன்னால் அது அவருக்குத் துரோகமாகத் தெரியும்.