கண்ணுக்குத் தெரியாத கடவுளை நம்பும் ஒருவர், ஆதாரம் கேட்கும் அறிவியலையும் நம்புவது முரண்பாடு இல்லையா?

முரண்பாடுதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நீங்கள் அநேகமாகக் கல்லூரியில் இருப்பீர்கள், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த இடத்தில் அம்மாவிடமோ பாட்டியிடமோ சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு சண்டை போட்டுவிட்டு இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். நானும் அந்த வயதில் அப்படித்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே யாராவது வந்து 'நாத்திகப் பதில்' என்று திட்டுவார்கள். நான் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், செங்கோட்டைக்கும் பண்பொழிக்கும் நடுவில். மேற்கே பார்த்தால் மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அச்சன்கோவில், ஐயப்பன் சாஸ்தாவாக இருக்கும் கோவில். அங்கே சாஸ்தாவின் கையில் இருக்கும் சந்தனம் பாம்புக்கடிக்கு மருந்து என்பது மலைக்கு இரண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையாக உள்ள நம்பிக்கை. கடிபட்டவர் வந்தால் நடுராத்திரியிலும் நடை திறப்பார்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். எங்கள் வீட்டுப் பூஜை மாடத்திலும் ஒரு சின்ன டப்பாவில் அந்தச் சந்தனம் எப்போதும் இருக்கும். இன்றும் இருக்கிறது.

2011 கார்த்திகை. பிசான நெல் நட்டிருந்த நேரம். ராத்திரி ஏழரை மணிக்கு மடை திறக்கப் போன அப்பாவை வரப்பில் பாம்பு கடித்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. பெரியப்பா துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார் (கட்டக்கூடாது என்று பிறகுதான் தெரிந்தது), இரண்டு பேர் டார்ச் அடித்துத் தேடிப் பாம்பை அடித்துக் கொன்று உரச்சாக்கில் போட்டார்கள், பக்கத்து வீட்டு ஆம்னி வந்தது. கிழக்கே போனால் தென்காசி, அங்கே ஆஸ்பத்திரி. மேற்கே போனால் மேக்கரை வழியாக அச்சன்கோவில். பெரியப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஏல, வண்டிய மேக்கரைப் பக்கம் விடுல, அய்யன்கிட்ட போயிருவோம்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எம்.எஸ்சி. வேதியியல் படித்தவன், அப்போதே பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவன், வாயைத் திறக்கவில்லை. பயம் ஒரு பக்கம், பெரியப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லாதது ஒரு பக்கம், ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் 'அங்கே போனால் சரியாகிவிடும்' என்றுதான் இருந்தது.

மேக்கரை தாண்டி மலை ஏறியபோது அப்பா வாந்தி எடுத்தார். காட்டுக்குள் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். அங்கிருந்த மலையாளத்துக்காரர் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார். அப்பாவின் ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் ஒன்றுதான் சொன்னார்: "ஆத்யம் ஆசுபத்திரி, பின்னே அம்பலம்." (முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கோவில்.) பெரியப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார், அவர் காதில் வாங்காமல் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். பெயர் கூடக் கேட்டு வைக்கவில்லை. மறுநாள் டூட்டிக்கு வந்தபோது அந்த வண்டி என்ன ஆச்சு என்று நினைத்திருப்பாரா, தெரியாது.

திரும்பி வரும்போது பிரானூரில் லாரி வரிசை.   

தென்காசி ஆஸ்பத்திரியில் பெரியப்பா முதல் வேலையாக உரச்சாக்கைப் பிரித்துக் காட்டினார். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி விரியன்தான். ஆனா இதைக் கொண்டு வரணும்னு இல்ல, இதை அடிச்ச நேரத்துல அவரைக் கொண்டு வந்திருக்கலாம்" என்றார். நம் நாட்டில் கொடுக்கும் விஷமுறி மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்தது. எது கடித்தது என்று தெரிந்துதான் ஊசி போட வேண்டும் என்பதில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிலே. நர்ஸ் அப்பாவின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் நிறுத்தி வைத்தார். "இருபது நிமிஷம் யாரும் தொடக்கூடாது" என்றார். இருபது நிமிடம் கழித்துச் சாய்ப்பார்கள். ரத்தம் உறைந்து நின்றால் விஷம் ரத்தத்தை இன்னும் கெடுக்கவில்லை. வழிந்து ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது, மருந்து ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் சோதனை. மிஷின் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, ஒரு குழாயும் ஒரு கடிகாரமும்.

அந்த இருபது நிமிடமும் நான் குழாயையே பார்த்துக்கொண்டு மனசுக்குள் சரணம் சொன்னேன். உறைந்துவிடு, உறைந்துவிடு என்று. உங்கள் கேள்வியில் இருக்கும் முரண்பாடு அப்படியே உயிரோடு நின்ற இடம் அதுதான். நர்ஸ் வந்து சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. நான் எத்தனை சரணம் சொன்னேன் என்று அந்தக் குழாய் கணக்குப் பார்க்கவில்லை. அதற்காக எனக்குச் சாமி மேல் கோபமும் வரவில்லை, வந்திருக்க வேண்டுமோ என்னவோ. 10 குப்பி மருந்து ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய், மறுபடி ஓடியது. மறுபடி 10 குப்பி. மூன்றாவது முறை சாய்த்தபோது ரத்தம் கட்டியாக அப்படியே நின்றது. அதற்குள் சிறுநீரகம் அடி வாங்கிவிட்டது, ஐந்து முறை டயாலிசிஸ், 18 நாள் ஆஸ்பத்திரி. காட்டுக்குள் போய்த் திரும்பிய ஒன்றரை மணி நேரத்துக்குக் கொடுத்த விலை என்றே நினைக்கிறேன், எல்லாமே அதனால்தான் என்று சத்தியம் செய்ய முடியாது.

காணாதது என்று பார்த்தால் விஷத்தையும் நான் காணவில்லை. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி அதன் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து என்று சொன்னார்கள், அந்தக் குதிரையையும் நான் பார்த்ததில்லை. நம்பித்தான் ஏற்றிக்கொண்டோம். ஆனால் அந்த நம்பிக்கை 'பொய்யாக இருந்தால் குழாயைச் சாய்க்கும்போது தெரிந்துவிடும்' என்று தானாக முன்வந்து நிற்கிறது. சந்தனத்துக்கு அப்படி ஒரு குழாய் இல்லை.

எனக்கு இது வெறும் வாதம் இல்லை. 1994-ல் என் அத்தை ஒருத்தி தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவள், விடிகாலையில் வயிற்று வலி என்று எழுந்தாள். கண் இமை தூக்க முடியவில்லை. கட்டு விரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மந்திரிக்கிறவரிடம் தூக்கிப்போனார்கள், வேப்பிலை அடித்தார், சந்தனம் கரைத்துக் கொடுத்தார்கள், விழுங்கவும் முடியவில்லை, பதினோரு மணிக்கு மூச்சு நின்றுவிட்டது. 'விதி முடிஞ்சிட்டு' என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் அந்தக் காலத்தில் செயற்கைச் சுவாசத்துக்கு வசதி இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பிழைத்தவர்கள் எல்லாரும் சந்தனத்தின் கணக்கில், செத்தவர்கள் எல்லாரும் விதியின் கணக்கில் என்று எழுதினால் எந்த மருந்துதான் தோற்கும்? கடித்ததில் பாதி சாரையும் தண்ணீர்ப் பாம்புமாக இருக்கும், விஷப் பாம்பே கடித்தாலும் சில நேரம் விஷம் இறங்காமல் வெறும் கடியாகப் போய்விடும். இவர்களை எல்லாம் பச்சிலைக்காரரும் பிழைக்க வைப்பார், நானும் பிழைக்க வைப்பேன். இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியில் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அத்தை போனது அதற்கு முன்னால், அவள் அந்தக் கணக்கிலும் இல்லை.

அறிவியல் பக்கமும் ஓட்டை உண்டு, மறைக்க விரும்பவில்லை. மலையோர ரப்பர்த் தோட்டங்களில் மூக்கு நுனி தூக்கினாற்போல ஒரு குட்டை விரியன் இருக்கிறது, அதன் விஷத்துக்கு இந்த நான்கு பாம்பு மருந்து கேட்காது. இதை எனக்குச் சொன்னதே அந்த வார்டில் இருந்த ஒரு மலையாள நர்ஸ்தான். எங்கள் மருந்து இதற்கு வேலை செய்யாது என்று மருந்து கொடுக்கிறவரே சொல்கிறார் பாருங்கள், எனக்கு அங்கேதான் நம்பிக்கை கூடியது.

இன்னொன்று. அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பழங்குடியினர், 1978-லிருந்து அவர்களுக்கு அங்கே கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, அவர்கள் இந்தச் சங்கத்து ஆட்கள். அதே இருளர்கள் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கடல் தண்ணீரில் நின்று கும்பிட்டுவிட்டுப் போய் நாகத்தின் பல்லைக் கண்ணாடி ஜாடி விளிம்பில் வைத்து அழுத்துகிறவரிடம் போய் முரண்பாடு இல்லையா என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள். நான் கேட்க மாட்டேன்.

அப்பா இப்போதும் இருக்கிறார், 71 வயது. மார்கழியில் புனலூரிலிருந்து சாமியின் ஆபரணப் பெட்டி செங்கோட்டை, தென்காசி வழியாக அச்சன்கோவிலுக்குப் போகும்போது வழியில் நின்று கும்பிட நாங்கள் எல்லாரும் போவோம். பெரியப்பாவும் வருவார். ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் அதே பேச்சு: "அன்னைக்கு வண்டியத் திருப்பாம நேரா அய்யன்கிட்ட போயிருந்தா இந்த டயாலிசிஸே வந்திருக்காது." இதற்கு என்ன பதில் சொல்ல? இதைச் சோதித்துப் பார்க்க இன்னொரு அப்பாவும் இன்னொரு விரியனும் வேண்டும். போன மார்கழியிலும் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார், நான் பெரியப்பாவுக்குக் கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தேன்.