யார் காசில் வந்த கேம்?

வணக்கம் சார்,

பிளேஸ்டேஷன் 3இல் ‘பயோனெட்டா’ விளையாடி அதில் விழுந்தவன் நான். இரண்டாம் பாகத்தை நின்டென்டோ கன்சோல்களில் மட்டும்தான் விட்டார்கள். ஒரே ஒரு கேமுக்காக இன்னொரு கன்சோல் வாங்க முடியுமா? எல்லா கேமும் எல்லா கன்சோலிலும் வரவேண்டும் என்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எரிச்சல் நியாயமானதுதான். 2012இல் அறிவிப்பு வந்தபோது ரசிகர்கள் பலரும் இப்படித்தான் கொதித்தார்கள். ஆனால் உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிர்ச்சாட்சி சொல்கிறதே!

முதல் பாகத்தை 2009இல் வெளியிட்டது சேகா என்ற கேம் நிறுவனம். இரண்டாம் பாகத்தில் அது கைவிரித்துவிட்டது. அதை உருவாக்கிய ஒசாகாவின் பிளாட்டினம் கேம்ஸுக்குப் பணம் போட முன்வந்தது நின்டென்டோ. அந்தப் பணம் இல்லையென்றால் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, யாருக்குமே இல்லை. 2014இல் அது வந்துசேர்ந்த நின்டென்டோவின் வீ யூவோ மொத்தமே சுமார் 1.36 கோடி விற்ற கன்சோல். பாவம், நல்ல விளையாட்டு ஆளில்லாத ஊரில் கடை விரித்தது. 2018இல் நின்டென்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்சுக்கு வந்த பிறகுதான் நிறையப் பேர் கைக்கு எட்டியது.

இன்னொன்று. நீங்கள் விளையாடிய பிளேஸ்டேஷன் 3 பதிப்பு, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்காகச் செய்ததைச் சேகா மாற்றிக் கொடுத்தது. சண்டை சூடுபிடிக்கும் இடத்தில் திணறும். எதற்கெடுத்தாலும் லோடிங். ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொள்ள ஒரு பேட்ச் (திருத்த அப்டேட்) வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிட்டது. இரண்டு கன்சோலில் வந்தது சரி, இரண்டிலும் ஒரே கேமா வந்தது?

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2013இல் வந்த ‘டூம் ரைடர்’ பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டு தரப்பிலும் கிடைத்தது. அடுத்து வந்த ‘ரைஸ் ஆஃப் தி டூம் ரைடர்’ எப்படியும் வரவிருந்ததுதான். மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் போட்டு 2015இல் அதை எக்ஸ்பாக்ஸுக்கு ஒதுக்கிக்கொண்டது. பிளேஸ்டேஷன் 4காரர்கள் 2016 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். இதைத்தான் நான் பதுக்கல் என்பேன். அதே மைக்ரோசாஃப்ட் 2025இல் தன் சொந்த கேமான ‘ஃபோர்ஸா ஹொரைஸன் 5’ஐ பிளேஸ்டேஷன் 5இல் விற்றது தனிக்கூத்து.

அப்புறம், எப்போதாவது ஸ்விட்ச் வாங்கினால்: கடையில் பெட்டியாக விற்ற ‘பயோனெட்டா 2’வுடன் முதல் பாகத்துக்கான டவுன்லோட் கோடும் வைத்திருந்தார்கள். பழைய பிரதி வாங்குவதாக இருந்தால், அந்த டவுன்லோட் கோடை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார்களா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.