தலைக்கு ஊற்றினால் சைனஸில் நீர் கோர்க்குமா?

கேள்வி: எனக்கு 38 வயது. மூன்று வாரமாக வலது கன்னம் கனமாக இருக்கிறது. வீடு பெருக்கக் குனிந்தால் வலிக்கிறது. வலது மூக்கில் மட்டும் கெட்ட வாடையோடு சளி வருகிறது. தலைக்கு ஊற்றியதால் நீர் கோர்த்துக்கொண்டது என்கிறார் மாமியார். மருந்துக் கடையில் 'சைனஸ்' என்று சொல்லி மூக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் தேவலை. எனக்கு எப்படி சைனஸ் வந்தது?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: சைனஸ் உங்களுக்குப் புதிதாக வரவில்லை, சகோதரி. அது நோயின் பெயரே அல்ல. முக எலும்புகளுக்குள் எல்லோருக்கும் இருக்கும் காற்றறைகளுக்குத்தான் அந்தப் பெயர். இரு கன்னங்களிலும் ஒவ்வொன்று, புருவங்களுக்கு மேலே நெற்றியில், கண்களுக்கு நடுவே தேன்கூடு போலச் சின்னச் சின்னதாக, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் என நான்கு ஜோடி. கன்னத்து அறையும் கண்களுக்கு நடுவே உள்ளவையும் பிறக்கும்போதே சிறியதாக இருக்கும். நெற்றி அறை பிறகுதான் வளரும். சிலருக்கு வளராமலேயும் போகும், அதனால் ஒரு குறையும் இல்லை. அறையின் சுவர் வீங்கி, வாசல் அடைபட்டால்தான் அது நோய். அதற்கு சைனசைட்டிஸ் என்று பெயர்.

சரி, நீர் எங்கிருந்து வந்தது? தலையில் ஊற்றும் தண்ணீர் தோலையும் மண்டையோட்டையும் தாண்டி உள்ளே போகாது. ஆனால் உங்கள் மாமியார் சொல்வதிலும் ஓர் உண்மை உண்டு: நீர் கோர்ப்பது நிஜம். வெளியிலிருந்து வந்த நீர் அல்ல, அறையின் உட்சவ்வே சுரக்கும் சளி அது. தூசியையும் கிருமியையும் பிடித்து வெளியேற்றவே அது சுரக்கிறது.

உங்களுக்கு வலிக்கும் கன்னத்து அறைதான் நான்கிலும் பெரியது. பெரியவர்களுக்கு அதில் ஏறக்குறைய 15 மில்லிலிட்டர், அதாவது ஒரு மேசைக்கரண்டி கொள்ளும். விசித்திரம் என்னவென்றால், அதன் வாசல் தரையோரம் இல்லை. மூக்குப் பக்கச் சுவரில், கூரைக்கு அருகே இருக்கிறது. அப்படியானால் நாம் நிற்கும்போது சளி எப்படி மேலே ஏறும்? உட்சவ்வில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் நொடிக்குப் 10 தடவை போல அசைந்து, சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே போகின்றன. முன்பெல்லாம் அறுவை சிகிச்சையில் அறையின் அடிப்பக்கம் துளை போடுவார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெசர்கிளிங்கர் என்ற மருத்துவர் இந்த ஓட்டத்தைக் கூர்ந்து கவனித்தார். கீழே புதுவழி இருந்தாலும் சளி அதைச் சுற்றிக்கொண்டு இயற்கை வாசலுக்கே போனது! இன்றைய எண்டோஸ்கோப் சிகிச்சை அந்த வாசலையே திறந்துவிடுவது இதனால்தான்.

நீங்கள் இடப்பக்கம் படுத்தால் தேவலை என்பதற்கும் காரணம் இதுவே. அப்போது வலது அறையின் வாசல் கீழ்நோக்கி வந்துவிடுகிறது. தேங்கியது தானாக வடிகிறது.

இந்த அறைகள் எதற்காக என்று கேட்டால், ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. தலையின் எடையைக் குறைக்க என்பார்கள், குரலுக்கு என்பார்கள். நிச்சயமாகத் தெரிந்த ஒன்று, இவற்றில் நைட்ரிக் ஆக்சைடு வாயு உண்டாகிறது. அது கிருமிகளை எதிர்க்கும். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று முனகினால் அந்த வாயு மூக்குக்குள் அதிகமாக வருவதை 2002இல் சுவீடனில் அளந்து காட்டினார்கள்.

இனி உங்கள் விஷயம். சாதாரணச் சளியால் வரும் அடைப்பு பெரும்பாலும் பத்து நாளில் தணிந்துவிடும். மூன்று வாரம், ஒரே பக்கம், கெட்ட வாடை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு உங்கள் பல்தான் நினைவுக்கு வந்தது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர் கன்னத்து அறையின் தரையை ஒட்டியே இருக்கும். சிலருக்கு நடுவில் மெல்லிய எலும்புத் தகடுதான். 1651இல் இந்த அறையை விவரித்து எழுதிய ஆங்கில மருத்துவர் ஹைமோரிடம் வந்த ஒரு பெண், பல் பிடுங்கிய குழிக்குள் இறகுக் காம்பை விட்டுப் பார்த்து, அது உள்ளே போய்க்கொண்டே இருந்ததில் பயந்துபோனாராம். சொத்தைப் பல்லின் சீழும் அதே வழியில் மேலே ஏறலாம். வலியே இல்லாத பல்லிலும் இது நடக்கும்.

அதனால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், கூடவே பல் மருத்துவரையும். பல்தான் காரணம் என்றால், அதைச் சரிசெய்யாமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் திரும்பத் திரும்ப வரும். கடையில் கொடுத்த சொட்டு மருந்து அடைப்பை உடனே திறக்கும் வகையாக இருந்தால் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம்; அதுவே அடைப்பை உண்டாக்கும். உப்பு நீரால் மூக்கைக் கழுவலாம், ஆனால் கொதிக்க வைத்து ஆறிய நீரில் மட்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, காய்ச்சலோடு கடும் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தலைக்கு மட்டும் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள்.