நாய்க்குப் பெயர் இருக்கிறது, அந்த அம்மாவுக்கு?

கேள்வி: நான் திருச்சிக்காரன். வேலைக்காக மங்கோலியா வந்து, இங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு உலான்பாதரில் இருக்கிறேன். மனைவியும் அவள் அண்ணனும் சின்னதாக ஒரு பயண நிறுவனம் நடத்துகிறார்கள். அண்ணன் வண்டி ஓட்டுவார், மனைவி வழிகாட்டி, சமையல் சாமான் கட்டித் தருவது மாமியார். கணக்கும் முன்பதிவும் என் பொறுப்பு. ஒரு தடவைக்கு ஆறு பேர்தான், தங்குவது மேய்ச்சல்காரர்களின் கூடாரங்களில். வெளிநாட்டு ஏஜென்சி ஒன்று முப்பது முப்பது பேராக அனுப்பத் தயார், சொந்த முகாம் போடச் சொல்கிறது. மனைவி காது கொடுத்தே கேட்பதில்லை. போதாததற்கு 2024 குளிரில் ஆடுமாடுகள் செத்தபோது, மகளின் படிப்புக்குச் சேர்த்த பணத்தை என்னிடம் சொல்லாமல் எடுத்து நான்கு குடும்பங்களுக்கு வைக்கோல் வாங்கிக் கொடுத்துவிட்டாள். எங்கள் ஆடுகூட இல்லை! ஆர்ஹாங்காய் மாகாணத்தில் ஒரு வீடு, நானும் நான்கு கோடை போய்த் தங்கியிருக்கிறேன். 'பாவ்கை' என்று பெரிய நாய், விருந்தாளிகள் எல்லோரும் அதோடுதான் படம் எடுப்பார்கள். அந்த வீட்டம்மா, பெயர் மறந்துவிட்டது, விடிகாலை நாலு மணிக்கே உப்புத் தேநீர் போட்டுவிடுவார். கொரோனா சமயத்தில்கூட எங்களுக்கு இறைச்சி அனுப்பியவர்கள். நல்லவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் தொழில் வேறு, தர்மம் வேறு என்று இவளுக்கு எப்படிப் புரியவைப்பது? நிறுவனத்தைப் பிரித்துக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், உலான்பாதர்

பதில்: தம்பி, பிரிப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். நாயின் பெயரை அழகாக மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதியிருக்கிறீர்கள். பாவ்கை என்றால் கரடி என்று அந்த ஊரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் சொன்னார். அடுத்த வரியில் அந்த வீட்டம்மா வருகிறார். அவர் பெயர் மறந்துவிட்டது.

நான்கு கோடை போயிருக்கிறீர்கள். அவர் போட்ட படுக்கையில் தூங்கி, அவர் போட்ட தேநீரைக் குடித்திருக்கிறீர்கள். கணக்கு எழுதுபவரும் நீங்கள்தான். அவர்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு நேராக என்ன எழுதுகிறீர்கள்? 'ஆர்ஹாங்காய் குடும்பம் 2' என்றா?

இங்கே வயதில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், 'எக்சே' என்றுதான் சொல்வோம் என்பீர்கள். தெரியும், நம் அக்கா மாதிரிதான். என் பாட்டி சாகும்வரை தாத்தா பெயரைத் தன் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். ஆனால் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கு முதலில் அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்த நாலு மணித் தேநீரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை, போர்வைக்குள் இருந்திருப்பீர்கள். காய்ந்த சாணத்தை அடுப்பில் போட்டு மூட்டி, பெரிய வாணலியில் தண்ணீர் வைத்து, கட்டித் தேயிலையை உடைத்துப் போட்டு, பாலும் உப்பும் சேர்த்து, கரண்டியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றுவார்கள். முதல் கரண்டி வெளியே போய் வானத்துக்கு. அதற்குப் பிறகுதான் வீட்டு மனிதர்களுக்கும் உங்கள் ஆறு விருந்தாளிகளுக்கும். வண்டி கிளம்பும்போது அதே அம்மா பால் கிண்ணத்தோடு வெளியே வந்து, வழி நல்லபடியாக அமையட்டும் என்று மரக்கரண்டியால் பின்னாலேயே தெளித்திருப்பார். நீங்கள் முன்சீட்டில் உட்கார்ந்து சிக்னல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

அடுத்து, அந்த 'கூட'. கொரோனா சமயத்தில்கூட இறைச்சி அனுப்பினார்களாம். 2020 தொடக்கத்தில் எல்லையை மூடியவர்கள் 2022 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். இரண்டு கோடை முழுக்க ஒரு வெளிநாட்டுப் பயணி கிடையாது. உங்கள் நிறுவனத்துக்கு வருமானம் பூஜ்யம் என்றால், விருந்தாளி வராத அந்தக் குடும்பத்துக்கும் அந்த வகையில் பூஜ்யம்தானே? அப்படியிருந்தும் குளிர் தொடங்கும்போது நகரத்துச் சொந்தக்காரர்களுக்கு வருஷ இறைச்சி அனுப்புவதுபோல உங்கள் வீட்டுக்கும் அனுப்பினார்கள். உங்கள் மகள் சாப்பிட்டாள். அந்த இறைச்சி உங்கள் எக்செல் தாளில் எந்த வரியில் இருக்கிறது? வைக்கோல் மட்டும் செலவுப் பக்கத்தில் கறாராக ஏறியிருக்கிறதே.

'எங்கள் ஆடுகூட இல்லை' என்கிறீர்கள். மந்தைகளைக் கொல்லும் அந்தக் குளிருக்கு அங்கே ட்ஸுட் என்று பெயர். அது என்னவென்று அங்கேயே இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில் மழை பொய்த்துப் புல் குறையும். குளிரில் பனி கனமாக விழும், அல்லது உருகி மறுபடி உறைந்து தரைமேல் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ஆடு காலால் கிளறினாலும் புல் எட்டாது. நின்ற இடத்திலேயே சாகும். 2023-24 குளிரில் ஏறத்தாழ ஆறரைக் கோடி கால்நடைகளில் 70 லட்சத்துக்கு மேல் செத்தன. 1990-க்கு முன்னால் நெக்தெல் என்ற கூட்டுறவுகள் இருந்தன, தீவனத்துக்கும் கொட்டகைக்கும் கேட்க ஓரிடம் இருந்தது. அவற்றைக் கலைத்த பிறகு அவரவர் பாடு அவரவருக்கு. வசந்தத்தில் வெள்ளாட்டு ரோமத்தைச் சீவி விற்றால்தான் கையில் காசு, அதுவரை கடன். மந்தை போனால் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு உங்கள் உலான்பாதருக்கே வந்து, மேட்டுச் சரிவில் வேலி போட்டு, நிலக்கரிப் புகையில் உட்கார வேண்டியதுதான். அதன்பிறகு உங்கள் விருந்தாளிகள் யார் வீட்டில் தூங்குவார்கள்? இணையதளத்தில் யாருடைய படத்தைப் போடுவீர்கள், பாவ்கையின் படத்தையா?

தொழில் என்ற கணக்கிலேயே பார்த்தாலும் உங்கள் மனைவி செய்தது சரி. ஆனால் நான் அந்தக் கணக்கில் சொல்லவில்லை. சோறு போட்ட வீடு விழும்போது தாங்குவது கடமை. அதற்கு லாப நஷ்டம் பார்ப்பதே எனக்குப் பிடிக்காது.

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது, இதைப் படித்துக் காட்டுங்கள். புருஷனிடம் சொல்லாமல் பிள்ளையின் படிப்புப் பணத்தைத் தொட்டது தப்பு, அம்மா. நல்ல காரியத்துக்கென்றாலும் தப்புதான். சொன்னால் வேண்டாமென்பார் என்று பயந்திருப்பீர்கள், அந்தப் பயமும் நியாயமானதே. இருந்தாலும் சண்டை போட்டாவது சொல்லியிருக்க வேண்டும்.

முப்பது பேர் விஷயத்தை நீட்ட மாட்டேன். முப்பது பேருக்குக் கிணறு, கழிப்பறை, குளியல், புல்வெளியில் புதுசு புதுசாக டயர் தடம். சொந்த முகாம் போட்ட மறுநாள் அந்த அம்மா உங்களுக்குப் பால் விற்பவராகிவிடுவார். இரண்டாம் வருஷம் விலை குறைவென்று பாலையும் வேறு இடத்தில் வாங்குவீர்கள். அந்த ஏஜென்சி இன்னும் மலிவான முகாம் கிடைத்தால் அங்கே போகும். ஓட்டுகிற அண்ணனையும் வழிகாட்டுகிற மனைவியையும் விட்டுப் பிரிந்தால் உங்கள் பங்குக்கு என்ன வரும்? மடிக்கணினிதான் வரும். பிரிக்கிற பேச்சை விடுங்கள்.

கணக்கில் கெட்டிக்காரர் என்றால் அதைச் செய்து காட்டுங்கள். மகளின் படிப்புப் பணம் தனிக் கணக்கில் போகட்டும், இருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி. செப்டம்பரில் பருவம் முடிந்ததும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் குளிருக்கென்று ஒதுக்குங்கள். வைக்கோலை இலையுதிர்காலத்திலேயே வாங்கிக் கொடுங்கள், பிப்ரவரியில் பனிக்கு நடுவே அலைந்தால் விலையும் கூடுதல், லாரியும் கிடைக்காது. குடும்பங்களுக்குக் கொடுக்கும் பணத்தைப் பெயர் எழுதிக் கொடுங்கள். அந்த வீட்டம்மாவின் கையிலேயே கொடுங்கள், வேலை அவருடையது.

அதோடு, வரும் சகான் சாருக்கு, அதாவது மங்கோலியப் புத்தாண்டுக்கு, நீங்கள் ஆர்ஹாங்காய் போக வேண்டும். விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு இல்லை, மனைவியும் மகளுமாக. சளைக்காமல் மைத்துனர் ஓட்டுவார். பெயரைக் கிளம்புவதற்கு முன்பே மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அங்கே போய்க் கேட்டு அந்த அம்மாவைச் சங்கடப்படுத்தாதீர்கள். நீலப் பட்டுத் துண்டை இரு கைகளிலும் ஏந்தி, இளையவராக உங்கள் கைகளை அவர் முழங்கைகளுக்குக் கீழே கொடுத்துத் தாங்கி, குளிர் நல்லபடியாகக் கழிகிறதா என்று கேளுங்கள். எத்தனை ஆடு மிஞ்சியது என்று அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நோட்டுப் புத்தகத்தை எடுக்காதீர்கள்.

கூடாரத்துக்குக் கொஞ்சம் தள்ளியே வண்டியை நிறுத்தி 'நொஹோய் ஹோர்' என்று குரல் கொடுப்பது அங்கே வழக்கமாமே, நாயைப் பிடியுங்கள் என்று. கொடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாவ்கை குரைத்துக்கொண்டு ஓடி வரும். அதைப் பிடிக்க யார் வெளியே வருகிறார் என்று பாருங்கள்.