வேகம் மட்டும் போதுமா? பேஸ்பாலின் இளம் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) பற்றி வாசகர் கேள்விகள்

கே: ஸ்கவுட் (அணிகளுக்காக இளம் வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்) அறிக்கையில் ஒரு பையனுக்கு 'கமாண்ட் 40/50' என்று போட்டிருக்கிறார்கள். என்ன அர்த்தம்?

ப: கமாண்ட் என்றால் பந்தை நினைத்த இடத்தில் போடும் திறன். அளவுகோல் 20-இல் தொடங்கி 80-இல் முடியும், 50 என்பது பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகின் சராசரி. முதல் எண் இன்றைய நிலை, அடுத்தது அவர் வளர்ந்தபின் எட்டக்கூடியது என்று ஸ்கவுட் கணிப்பது. பலரும் இரண்டாவது எண்ணைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். நான் வயதையும் சேர்த்துப் பார்ப்பேன். 19 வயதில் 40/50 என்றால் காத்திருக்கலாம். 24 வயதிலும் அதே 40/50 என்றால் அந்த 50 வருமென்று எனக்கு நம்பிக்கையில்லை.

கே: மணிக்கு 100 மைல் வேகத்தில் வீசுபவரைவிட 93 மைல்காரரை மேலே வைப்பது நியாயமா?

ப: பல நேரங்களில் நியாயம்தான். இடையில் வந்து ஒரு இன்னிங்ஸ் மட்டும் வீசும் ரிலீவருக்கு ஃபாஸ்ட்பாலும் (வேகப்பந்து) ஸ்லைடரும் (பக்கவாட்டில் விலகும் பந்து) போதும். ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டர் அதே பேட்டரை இரண்டாம் முறை, மூன்றாம் முறை சந்திக்க வேண்டும். அங்கேதான் மூன்றாவது வகைப் பந்து தேவைப்படுகிறது, பெரும்பாலும் சேஞ்சப் (ஃபாஸ்ட்பால் போலத் தோன்றி மெதுவாக வருவது). அதை வீசும்போது கை வேகத்தைக் கவனியுங்கள். ஃபாஸ்ட்பாலுக்குச் சுழன்ற அதே வேகத்தில் கை வரவேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் நல்ல பேட்டர் கண்டுபிடித்துவிடுவார். இந்த ஒரு விஷயத்தில்தான் ஸ்கவுட்டுகள் அதிகம் மோதிக்கொள்கிறார்கள்: 'இவர் ஸ்டார்ட்டரா, ரிலீவரா?' இளம் வீரர்களின் தரவரிசைப் பட்டியலில் ஒருவர் ஐம்பது இடம் மேலே போவதும் கீழே இறங்குவதும் இந்தப் பதிலைப் பொறுத்தது.

ரேடார் எண் ஒன்றாக இருந்தாலும் பந்துகள் ஒன்றல்ல. நன்றாக முன்னே நீண்டு வந்து பந்தை விடுபவரின் 94 மைல், பேட்டருக்கு அதைவிட வேகமாகத் தெரியும். பிட்சர் கிரெக் மேடக்ஸ் 1984 டிராஃப்டில் (அணிகள் ரவுண்டு ரவுண்டாகப் புது வீரர்களை எடுக்கும் முறை) இரண்டாம் ரவுண்டில் எடுக்கப்பட்டவர். வேகத்தால் மிரட்டியவரல்ல. 1992 முதல் 1995 வரை தொடர்ந்து 4 சை யங் விருதுகள் (ஆண்டின் சிறந்த பிட்சருக்கானது), மொத்தம் 355 வெற்றிகள்!

கே: பிட்சர் ஜேக்கப் டிக்ராமை டிராஃப்டில் எப்படிக் கோட்டைவிட்டார்கள்?

ப: கல்லூரியில் அவர் ஷார்ட்ஸ்டாப், அதாவது களத்தடுப்பாளர். பிட்சராக ஸ்கவுட்டுகள் பார்த்தது மிகக் கொஞ்சம். 2010-இல் 9-ஆம் ரவுண்டில், 272-ஆவது ஆளாக மெட்ஸ் அணி எடுத்தது. 2018, 2019 இரண்டு ஆண்டும் சை யங். பின்னாளில் சை யங் வென்ற டாரிக் ஸ்கூபலும் 9-ஆம் ரவுண்டுதான், 2018-இல். கல்லூரியிலேயே முழங்கை அறுவைச் சிகிச்சை ஆனவர். கண்ணில் படாத கை, காயம்பட்ட கை இரண்டையும் பட்டியல்கள் குறைத்தே மதிப்பிடுகின்றன.

கே: டிராஃப்டின் முதல் தேர்வு என்றால் நிச்சயம்தானே?

ப: இல்லை. 2013-இன் முதல் தேர்வு மார்க் ஆப்பெல். அவர் மேஜர் லீகில் வீச 2022 ஆனது. 2023-இன் முதல் தேர்வு பால் ஸ்கீன்ஸ், மறு ஆண்டே தேசிய லீகின் (மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) சிறந்த புதுமுகம்.

கே: குமார் ராக்கர் ஏன் இவ்வளவு ஏறி இறங்கினார்?

ப: ராக்கரின் தாய்வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து குடியேறியவர்கள் என்பதால் நம்மவர்கள் பலர் கேட்கிறார்கள். 2019-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக டியூக் பல்கலைக்கழகத்தை எதிர்த்து 19 ஸ்ட்ரைக்கவுட்டோடு (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) நோ-ஹிட்டர் (ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார். அந்த ஸ்லைடரை யாரும் குறை சொல்லவில்லை. 2021-இல் 10-ஆவதாக எடுத்த மெட்ஸ், மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தம் போடவில்லை. அடுத்த ஆண்டு ரேஞ்சர்ஸ் அணி 3-ஆவதாக எடுத்தது. 2023-இல் முழங்கை அறுவைச் சிகிச்சை, 2024 செப்டம்பரில் மேஜர் லீக். ஸ்கவுட்டின் கண்ணும் டாக்டரின் ஸ்கேனும் வேறு வேறு பட்டியல் போடும். இரண்டில் எதை நம்புவது என்பதில் அணிக்கு அணி துணிச்சல் மாறும். நான் ரேஞ்சர்ஸ் பக்கம்.